கிட்டாரில் கரகரக்கும் சுவிட்சும் வால்யூம் குமிழும்: துடைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

முத்துநகர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கிய, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவிலான எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று என்னிடம் இருக்கிறது. மூன்று ஒற்றைச்சுருள் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்கள்), ஐந்து நிலைச் சுவிட்ச், ஒரு வால்யூம் குமிழ், இரண்டு டோன் குமிழ்கள் என்று வழக்கமான அமைப்புதான். வீடு தூத்துக்குடியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது. கிட்டாரை உறையில் வைக்காமல் சுவரில் மாட்டி வைப்பது என் வழக்கம். அது தவறோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.

கடந்த சில மாதங்களாகச் சுவிட்சை நகர்த்தும்போதெல்லாம் கடுகு வெடிப்பதைப் போன்ற சத்தம் வருகிறது. நடு நிலையில், அதாவது மூன்றாம் நிலையில், சில சமயம் சத்தமே நின்றுவிடுகிறது. சுவிட்சை விரலால் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால் திரும்பி வருகிறது. இரண்டாம், நான்காம் நிலைகளில் சத்தம் நிற்பதில்லை என்றாலும், அந்த நிலைகளுக்கே உரிய மெலிந்த, மூக்கால் பேசுவது போன்ற தொனி இல்லை. போன ஞாயிறு ஆராதனையில், பாட்டின் நடுவே சுவிட்சை மாற்றிய இடத்தில் முழுதாக ஒரு வரி ஒலிக்காமல் போனதால், இனியும் தள்ளிப்போட முடியாது என்று இங்கே எழுதுகிறேன்.

வால்யூம் குமிழும் சேர்ந்து தொல்லை தருகிறது. எந்த இடத்தில் திருப்பினாலும் கரகரக்கிறது. நான் அதை அடிக்கடி திருப்புகிறவன்; ஏனென்றால் நண்பர் ஒருவர் கையால் செய்து கொடுத்த ஃபஸ் பெடலை (ஒலியைக் கரடுமுரடாக்கும், காலால் இயக்கும் கருவி) எப்போதும் போட்டே வைத்திருப்பேன். ஆலயத்தில் ஃபஸ் எதற்கு என்று கேட்க வேண்டாம். கிட்டாரின் வால்யூமை ஆறுக்கோ ஏழுக்கோ குறைத்தால் அது ஏறத்தாழச் சுத்தமாகவே ஒலிக்கும், தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பத்துக்கு ஏற்றுவேன்.

தெருமுனை இரும்புக்கடைக்காரர், துரு நீக்கும் எண்ணெயைச் சுவிட்சின் இடுக்கு வழியாக அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அடிக்கலாமா, அல்லது சுவிட்சையும் குமிழையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டுமா? சால்டரிங் ஓரளவு தெரியும், சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் இருக்கிறது.


ஈயப்புகை எழுதியது:

தம்பி, இரும்புக்கடைக்காரரின் எண்ணெயை அவரிடமே விட்டுவிடுங்கள். முதலில் எது பழுது என்று பிரித்தறிய வேண்டும். பிரித்தறியாமல் எதைத் தெளித்தாலும், ஒருவேளை சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது, சரியாகாவிட்டால் பழைய பழுதோடு புதிய பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். குமிழின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரைக் கடைகளில் சொல்வது போல 'பாட்' என்றே எழுதுகிறேன்.

உங்களிடம் மல்டிமீட்டர் இருப்பதால், கிட்டாரில் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பாதி வேலையை முடித்துவிடலாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனையை எதிலும் செருகாமல் மேசைமேல் வையுங்கள். எல்லாக் குமிழ்களையும் பத்தில் வைத்துவிட்டு, மீட்டரை 20 கிலோ ஓம் அளவுக்குத் திருப்பி, ஒரு முனையைப் பிளக்கின் நுனியிலும் மற்றதை அதன் தண்டிலும் பிடியுங்கள். ஒற்றைச்சுருள் பிக்கப் ஒன்று பெரும்பாலும் 6 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். இரண்டாம், நான்காம் நிலைகளில் இரண்டு பிக்கப்புகள் பக்க இணைப்பில் சேர்வதால் அளவு ஏறத்தாழப் பாதியாகி 3 கிலோ ஓமுக்கு இறங்க வேண்டும்; அங்கேயும் 6 என்று காட்டினால், இரண்டில் ஒன்று சேரவில்லை என்று பொருள். மீட்டர் எல்லையைத் தாண்டி '1' என்று காட்டினால் அளவை 2 மெகா ஓமுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போது 250 கிலோ ஓம் வாக்கில் ஓர் எண் வந்தால், எந்தப் பிக்கப்பும் இணையவில்லை, வால்யூம் பாட் மட்டுமே மீட்டருக்குத் தெரிகிறது என்று பொருள். பழுது சுவிட்சிலோ அதற்குப் போகும் கம்பியிலோ இருக்கிறது. அந்த அளவிலும் எதுவும் காட்டாவிட்டால் கேபிளோ, கிட்டாரில் அதைச் செருகும் ஜாக்கோ அறுந்திருக்கிறது. சுழியம் காட்டினால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது வால்யூமை மறந்து சுழியத்தில் வைத்திருக்கிறீர்கள். (இரண்டாவதை நானே பலமுறை செய்திருக்கிறேன்.)

ஐந்து நிலைகளிலும் எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையிலும் சுவிட்சை மெல்ல அசைத்தும், ஜாக்கில் பிளக்கைச் சுழற்றியும் பாருங்கள். எதை அசைக்கும்போது எண் குதிக்கிறதோ அங்கே பழுது இருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நடு பிக்கப் இடம்பெறும் இரண்டு, மூன்று, நான்காம் நிலைகளிலுமே கோளாறு இருப்பதால், சுவிட்ச் முழுவதும் கெட்டிருக்க வேண்டியதில்லை, நடு பிக்கப்புக்கான தொடுமுனை ஒன்று மட்டும் சரியாகத் தொடாமல் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனித் திறப்பது. தந்திகளைத் தளர்த்தி, முதல் கட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) ஒன்றை மாட்டிவிட்டால் முறுக்காணிகளில் சுற்றிய தந்தி அவிழாது. சுவிட்சின் பிளாஸ்டிக் முனையை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். பிக்கப்புகளும் குமிழ்களும் பொருத்தியிருக்கும் முகத்தகடான பிக்கார்டைப் பெரும்பாலும் 11 சிறு திருகுகள் பிடித்திருக்கும். கழற்றியதும் தூக்கி எறிவது போலத் திருப்பிவிடாதீர்கள், ஜாக்குக்கும் பின்பக்கச் சுருள்வில்லுக்கும் போகும் கம்பிகள் கொஞ்சம்தான் இடம் கொடுக்கும். கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்ட பிறகே எதையும் தொடுங்கள்.

சுவிட்ச் திறந்த வகையாக இருந்தால், அதாவது வட்டத் தகடும் பித்தளை நாக்குகளும் கண்ணுக்குத் தெரிந்தால், நீங்கள் பாக்கியசாலி. தடித்த காகிதத்தை அரை சென்டிமீட்டர் அகலத்திற்கு நாடாவாக வெட்டி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, நாக்குக்கும் தகடுக்கும் இடையே நுழைத்து, நாக்கை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு இழுங்கள். கறுப்புக் கோடு ஒன்று காகிதத்தில் இறங்கும். கோடு விழாமல் காகிதம் வெள்ளையாக வரும்வரை புதுப்புது நாடாவால் இழுங்கள். பளபளப்பில்லாத கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு மிகவும் ஏற்றது. தங்க எழுத்து இருக்கும் பகுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நான்கு பக்கமும் மூடிய பெட்டி வகைச் சுவிட்சாக இருந்தால் காகிதம் நுழையாது; மின்தொடுமுனைகளுக்கென்றே விற்கும் கிளீனரை இடுக்கு வழியாக ஒரே ஒரு நொடி அடித்து, முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அந்த ஆல்கஹாலைக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் 'ஐபிஏ' என்று கேட்டால் தருவார்கள். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் கலந்திருக்கும் என்பதால் அது உதவாது. ஆல்கஹாலும் தெளிப்பான்களும் தீப்பற்றக்கூடியவை. சால்டரிங் கோலைச் சூடாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டாம்.

பாட்டைப் பொறுத்தவரை, மூன்று கால்கள் வெளியே வரும் இடத்திற்கு மேலே ஒரு சிறு இடைவெளி இருக்கும். தெளிப்பானின் குழாயை அங்கே நுழைத்து ஒரு சிறு அழுத்து, பிறகு குமிழைக் கடைசிவரை இருபது முப்பது முறை திருப்புங்கள். உள்ளே இருப்பது கரித்தடம். அதன்மேல் ஒரு தொடுவான் வழுக்கிச் செல்கிறது. ஆகவே வெறும் கரைப்பானைவிட, வழுக்குப்பொருள் கலந்ததே நல்லது. டிஆக்ஸிட் என்ற கிளீனர் வரிசையில் டி5 என்பது உலோகத் தொடுமுனைகளுக்கும், எஃப்5 என்பது இத்தகைய கரித்தடங்களுக்கும் உரியது. மேலிருந்து தண்டு வழியாக அடித்தால் தண்டிலுள்ள கிரீஸ் கரைந்து, குமிழ் சோளப்பொரி போல லேசாகச் சுழலத் தொடங்கிவிடும்.


ஆறாம் தந்தி எழுதியது:

எண்ணெய் விஷயத்தில் ஐயா சொன்னதற்கு நானே சாட்சி. கல்லூரி நாட்களில் பூட்டுக்கு விடும் எண்ணெயை என் கிட்டாரின் வால்யூம் பாட்டுக்குள் விட்டேன். முதல் வாரம் புதிது போல இருந்தது. இரண்டு மாதத்திற்குள் உள்ளே தூசு பிடித்துக் களிம்பாகி, குமிழ் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே சத்தம் அடியோடு காணாமல் போகும் நிலைக்கு வந்து, கடைசியில் பாட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பலரும் கையில் எடுக்கும் டபிள்யூடி-40 கூட, 1953இல் சான் டியாகோவில் ஈரத்தை விலக்கித் துருவைத் தடுக்க உருவாக்கப்பட்டதே தவிர, பாட்டின் கரித்தடத்துக்காக அன்று. மின்தொடுமுனைகளுக்கென அந்த நிறுவனமே தனி டப்பா விற்கிறது, வாங்குவதானால் பெயரை முழுதாகப் படித்து வாங்குங்கள்.

ஜாக்கையும் மறந்துவிட வேண்டாம். அதன் வெளி நட்டு தளர்ந்து, பிளக்கைச் செருகும்போதெல்லாம் ஜாக் மொத்தமும் உள்ளே சுழன்று, கம்பியை முறுக்கி அறுத்துவிடும். நட்டை இறுக்கும்போது உள்ளே ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். பிளக்கின் நுனியைத் தொடும் வளைந்த நாக்கு தளர்ந்திருந்தால், பிளக் இல்லாத நேரத்தில் ஒரு மயிரிழை உள்நோக்கி வளைத்தால் போதும்.

ஒரு சுவையான செய்தியும் சொல்லிவிடுகிறேன். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தபோது அதில் மூன்று நிலைச் சுவிட்ச்தான் இருந்தது. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே தொங்கலில் நிறுத்தி, நீங்கள் சொல்லும் அந்த மூக்குத் தொனியைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து நிலைச் சுவிட்சை ஃபெண்டர் நிறுவனம் 1977இல்தான் பொருத்தத் தொடங்கியது. இரண்டாம், நான்காம் நிலைகளில் தொடுவான் ஒரே நேரத்தில் இரண்டு முனைகளை எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால், அழுக்கு சேர்ந்தால் அந்த நிலைகளில் சட்டென்று தெரிந்துவிடும்.

தொடுமுனை மிகவும் கறுத்திருந்ததால் 1000 எண் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன், பளிச்சென்று ஆகிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ஈயப்புகை எழுதியது:

அன்பரே, மற்ற எல்லாவற்றிலும் உங்களோடு உடன்படுகிறேன், உப்புத்தாளில் மட்டும் முடியாது. நல்ல சுவிட்சுகளின் தொடுமுனைகளில் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டான படலம். உப்புத்தாள் படலத்தோடு பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடும். அடியிலுள்ள பித்தளை வெளிவந்துவிட்டால், தூத்துக்குடி உப்புக்காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? பளிச்சென்று தெரிந்தது உண்மைதான், ஆனால் நீங்கள் பார்த்தது பித்தளையின் பளிச்சாக இருக்கலாம். பென்சில் அழிப்பானையும் சிலர் சொல்வார்கள். அதன் துகள் நாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு. காகிதமும் ஆல்கஹாலும் போதும், கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.


முத்துநகர்க்காரன் எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. சொன்னபடியே முதலில் அளந்தேன். முதல் நிலையில் 5.9, இரண்டாம் நிலையிலும் 5.9, மூன்றில் சில நொடி 6.1 காட்டிவிட்டு எல்லையைத் தாண்டி '1' என்று ஓடிவிடுகிறது, 2 மெகா ஓம் அளவில் பார்த்தால் 240 கிலோ ஓம் வாக்கில் நிற்கிறது. நான்காம் நிலையில் 5.7, ஐந்திலும் 5.7. ஐயா ஊகித்தது போலவே நடு பிக்கப் மட்டும்தான் சேரவில்லை. கேபிளையும் ஜாக்கையும் எவ்வளவு ஆட்டினாலும் எண் அசையவில்லை.

திறந்து பார்த்தபோது சுவிட்ச் திறந்த வகை என்று தெரிந்து நிம்மதியடைந்தேன். தொடுமுனைகள் எல்லாமே கறுத்துத்தான் இருந்தன, ஆனால் நடு பிக்கப்பின் கம்பி வந்து சேரும் காலில் மட்டும் ஈயம் மற்றவற்றைவிடப் பெரிய உருண்டையாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அந்த உருண்டையிலிருந்து தேன் நிறத்தில் ஏதோ வழிந்து, தொடுவான் தொடும் இடம்வரை இறங்கி, கண்ணாடி போல உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அது ஈயத்தோடு வரும் பிசின் என்று நினைக்கிறேன். எனக்கு முன்பு வைத்திருந்தவர் நடு பிக்கப்பை மட்டும் மாற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் அதன் கம்பியின் நிறமும் வேறாக இருக்கிறது.

பிசினின்மேல் ஆல்கஹால் தொட்ட குச்சிப் பஞ்சை இரண்டு நிமிடம் வைத்திருந்தபோது அது இளகிப் பிசுபிசுப்பாகிவிட்டது. அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் மீந்திருந்தவற்றிலிருந்து ஏழு நாடாக்கள் வெட்டினேன். முதல் மூன்று பழுப்பும் கறுப்புமாக வந்தன, ஏழாவது வெள்ளையாகவே வந்தது. இப்போது இரண்டில் 3.0, மூன்றில் 6.1, நான்கில் 2.9 என்று ஆடாமல் அசையாமல் காட்டுகிறது. ஆம்பில் (ஒலிபெருக்கியில்) போட்டுப் பார்த்தேன், ஐந்து நிலைகளும் ஐந்து குரலில் பேசுகின்றன. இந்தக் கிட்டாரில் நான்காம் நிலை இப்படி ஒலிக்கும் என்பதே மூன்று ஆண்டுகளாக எனக்குத் தெரியாது.

ஆனால் வால்யூம் பாட் மட்டும் வசப்படவில்லை. ஐயா சொன்ன எஃப்5 தெளிப்பானை வாங்கி, கால்களுக்கு மேலுள்ள இடைவெளியில் அடித்து, முப்பது முறை திருப்பினேன். மறுநாள் மீண்டும் ஒருமுறை. கரகரப்பில் ஓர் இம்மி குறைந்திருந்தால் அதிகம். தந்திகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திருப்பினாலும், மணலைத் தகரத்தில் தேய்ப்பது போலக் கேட்கிறது. புதிய பாட் வாங்கிவிட வேண்டியதுதானா?


வெள்ளிமுனை எழுதியது:

வாங்குவதாக இருந்தால் சில அளவுகளைப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைச்சுருள் பிக்கப்புகளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச்சுருள் ஹம்பக்கர்களுக்கு 500 கிலோ ஓம் என்பது நடைமுறை. சாதாரண பாட்டுகளில் கூடவோ குறையவோ 20 சதவீதம்வரை வேறுபாடு இருக்கும் என்பதால், கடையில் 220 கிடைத்தால் அதையே போடலாம், காது கண்டுபிடிக்காது. அதன்மேல் இருக்கும் எழுத்து முக்கியம்: ஆங்கில எழுத்து 'ஏ' என்றால் காதுக்கு ஏற்ற மடக்கை வகை, 'பி' என்றால் நேர்கோட்டு வகை. சென்னை ரிச்சி தெருவில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் 'பி'யைத்தான் எடுத்துத் தருவார்கள். பழுதில்லை, ஆனால் உங்களைப் போல வால்யூமை வைத்தே வாசிப்பவருக்கு, பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வரும்போது வெகுநேரம் ஒன்றும் நடக்காமல், கடைசியில் படக்கென்று எல்லாம் அடங்குவது போலத் தோன்றும்.

பழைய குமிழையே மாட்ட வேண்டுமானால் தண்டின் பற்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். அமெரிக்க பாட்டுகளில் 24 பற்கள், ஆசிய பாட்டுகளில் பெரும்பாலும் 18. ஒன்றின் குமிழ் மற்றதில் அமராது, சுத்தியலால் அடித்து அமர்த்தினால் பிளந்துவிடும். அமெரிக்க பாட்டின் கழுத்தும் பருமனானது, பிக்கார்டின் துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.


ஈயப்புகை எழுதியது:

வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். தம்பி எழுதியதில் இரண்டு செய்திகள் எனக்கு உறுத்துகின்றன. ஒன்று, கரகரப்பு ஓரிடத்தில் இல்லாமல் குமிழின் முழுச் சுற்றிலும் இருக்கிறது. தடம் தேய்ந்த பாட் பெரும்பாலும் கை அதிகம் நிற்கும் இடத்தில்தான் கரகரக்கும். இரண்டு, தந்திகளை மூடிக்கொண்டு திருப்பினாலும் பலமாகக் கேட்கிறது. மின்கலம் இல்லாத சாதாரணக் கிட்டாருக்குள் நிலையான மின்னழுத்தம் எதுவும் கிடையாது. தொடுவான் தடத்தைவிட்டு ஒரு கணம் விலகினாலும், அறுபடுவதற்குத் தந்தியின் சிறு சைகை ஒன்றுதான் இருக்கும். தந்தி அடங்கியிருந்தால் அதுவும் இல்லை. அப்படியும் மணல் தேய்ப்பது போலக் கேட்டால், எங்கிருந்தோ டிசி, அதாவது நிலையான மின்னழுத்தம், கிட்டாருக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். கரித்தடத்தில் எப்போதுமே நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. புத்தம்புதிய பாட்டின் வழியாக டிசி ஓடினாலும் அது கரகரக்கத்தான் செய்யும். நீங்கள் இன்னும் நான்கு பாட்டுகளை மாற்றியிருப்பீர்கள், நான்கையும் திட்டியிருப்பீர்கள்.

எங்கிருந்து வரும்? உங்கள் நண்பரின் ஃபஸ் பெடல்மேல்தான் எனக்குக் கண். வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகிறது என்று நீங்கள் சொல்வதிலிருந்து, அது 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் இரண்டு டிரான்சிஸ்டர் சுற்றாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தச் சுற்றின் நுழைவில் 2.2 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று உண்டு. கிட்டாருக்கும் முதல் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் (பேஸ்) நடுவே நிற்கும் வாயிற்காவலன் அது. சைகையை உள்ளே விட்டு, டிசியை வெளியே போகவிடாமல் தடுப்பதே அதன் வேலை. டிரான்சிஸ்டர் சிலிக்கான் வகை என்றால் அடிவாயில் ஏறத்தாழ 0.6 வோல்ட் இருக்கும். கெபாசிட்டர் பழையதாகிக் கசியத் தொடங்கினால் அந்த 0.6 வோல்ட் கேபிள் வழியாக நேரே உங்கள் வால்யூம் பாட்டில் வந்து நிற்கும். பெடல் செய்பவர்களுக்கு நன்கு பழக்கமான கோளாறு இது. கேட்பவருக்குக் கிட்டாரில் பழுது இருப்பது போலவே தோன்றும்.

சோதிப்பது எளிது. முதலில் பெடலைக் காலால் அணைக்காமல், கேபிளையே உருவி எடுத்து, கிட்டாரை நேராக ஆம்பில் செருகிக் குமிழைத் திருப்புங்கள். கரகரப்பு போய்விட்டால் பாட் குற்றமற்றது. பிறகு பெடலை இயக்கி, அதன் நுழைவு ஜாக்கில் கிட்டாருக்குப் பதிலாக வெறும் கேபிளைச் செருகி, மறுமுனையில் மீட்டரின் டிசி வோல்ட் அளவை வைத்துப் பாருங்கள். நல்ல கெபாசிட்டராக இருந்தாலும் தொடக்கத்தில் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு மெல்ல இறங்கும். மீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓமாக இருந்தால் அது அடங்க ஓரிரண்டு நிமிடமாவது ஆகும், அவசரப்பட வேண்டாம். சுழியத்துக்குப் பக்கத்தில் போய் அடங்கினால் நல்லது. இறங்காமல் அப்படியே நின்றால் ஆளைப் பிடித்துவிட்டோம்.

ஆம்பில் நேராகச் செருகியும் கரகரத்தால், ஆம்பின் நுழைவையும் இதே போல அளக்கலாம். ஆனால் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பாக இருந்தால் அதைத் திறந்து கை வைக்காதீர்கள்; மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கும்.


முத்துநகர்க்காரன் எழுதியது:

ஐயா, ஆளைப் பிடித்துவிட்டோம். நேராக ஆம்பில் செருகியதும் வால்யூம் குமிழ் வெண்ணெய் போலத் திரும்புகிறது, சத்தமே இல்லை. பெடலின் நுழைவில் மீட்டரை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன், 0.55இல் தொடங்கி 0.52 வோல்ட்டில் வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது.

நண்பரிடம் கேட்டபோது, அந்தக் கெபாசிட்டரைத் தன் தாத்தாவின் பழைய வானொலியிலிருந்து கழற்றிப் போட்டதாகவும், பழைய உதிரிபாகங்களில்தான் 'தொனி' இருக்கிறது என்று எங்கோ படித்ததாகவும் சொன்னார். தொனி இருந்ததோ இல்லையோ, டிசி இருந்தது. நானே அதை எடுத்துவிட்டு 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரைப் போட்டேன். அது பழையதைவிட மூன்று மடங்கு பருமன் என்பதால் நிமிர்ந்து நிற்க இடமில்லை. பலகைமேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, கால்களுக்கு உறை மாட்டிப் பற்றவைத்தேன். இதற்கு நேர்முனை எதிர்முனை கிடையாது என்பதால் திருப்பி வைத்துவிடுவோமோ என்ற பயமும் இல்லை. இப்போது நுழைவில் மீட்டர் மெல்ல இறங்கி, சில மில்லிவோல்ட்டில் அடங்குகிறது. பெடலோடு சேர்த்தே வால்யூமைச் சுழியத்திலிருந்து பத்துவரை இழுத்துப் பார்த்தேன். மணல் சத்தம் இல்லை, தொனியிலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. நண்பர் தெரிகிறது என்கிறார்.

புதிய பாட் வாங்கவில்லை. கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு உறைக்குள் வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் மீதி இருக்கிறது: இரண்டாம், நான்காம் நிலைகளில் மின்விளக்கு இரைச்சல் குறைய வேண்டும் என்று படித்திருக்கிறேன், எனக்குக் குறையவில்லை.


ஈயப்புகை எழுதியது:

அது அழுக்கின் வேலை அன்று. அந்த நிலைகளில் இரைச்சல் அடங்க வேண்டுமானால், நடு பிக்கப்பில் கம்பி சுற்றிய திசையும் காந்தமுனையும் மற்ற இரண்டுக்கும் நேர்மாறாக இருக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் மாற்றியபோது சாதாரணமான ஒன்றைப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. ஒரு காந்த ஊசியை மூன்று பிக்கப்புகளின் மேலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஊசியின் ஒரே முனையை இழுத்தால் என் ஊகம் சரி. தொனி உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். தொடக்ககால ஸ்ட்ராட்டோகாஸ்டர்களும் அப்படித்தான் இரைந்தன.